ஒன்றரை ஷிஃப்டு ஆலோசகர்கள்

இந்தியத் தொழிலாளிக்காக யாரும் கேட்காமலே, ஒரு பைசா வாங்காமலே சர்க்காருக்கு ஆலோசனை சொல்லக் கிளம்பிய முதல் கோஷ்டிகளில் ஒன்று மான்செஸ்டர் மில் முதலாளிகள். 1870-களில் பம்பாய் மில்களின் புகை அடர்த்தியாக ஆரம்பித்ததும் அவர்களுக்கு இந்தியக் குழந்தைகள் மேல் பாசம் பொங்கிவிட்டது. பிஞ்சுகளை இத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்களே என்று லண்டனில் உருகினார்கள். பம்பாய்த் துணி மலிவாக விற்றதற்கும் இந்த உருக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்று நாமும் நம்பிவிடுவோம். 1875-இல் பம்பாயில் ஒரு கமிஷன் உட்கார்ந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் சட்டமே தேவையில்லை என்று எழுந்து போனார்கள். ஆனாலும் 1881-இல் சட்டம் வந்தே விட்டது. ஏழு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது. ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது. நூறு பேருக்குக் குறைந்த ஆலையென்றால் இதுவும் கிடையாது. பாசமென்றாலும் அளவு வேண்டுமல்லவா!

வளர்ந்த ஆம்பிளையின் நேரத்தைத் தொட 1911 ஆனது: ஜவுளி ஆலைகளில் நாளுக்கு 12 மணி. 1922-இல் 11, 1934-இல் 10, 1948-இல் 9, வாரத்துக்கு 48. இதே வேகத்தில் குறைந்துகொண்டே வந்திருந்தால் இந்நேரம் காலை டீ முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். அதற்குள் திருப்பூர் குறுக்கே வந்துவிட்டது.

திருப்பூருக்குப் பின்னல் மெஷின் 1925 வாக்கில் வந்தது. கல்கத்தாவில் பார்த்துவிட்டு வந்து குலாம் காதர் தொடங்கினார் என்பது ஊர் வரலாறு. அப்புறம் காடு விற்றவர், கிணறு வற்றியவர், மெஷினில் உட்கார்ந்து தைத்தவர் என்று எல்லோரும் பனியன் கம்பெனி போட்டார்கள். 1948 சட்டப்படி, மின்சாரம் ஓடும் இடத்தில் பத்து பேர் இருந்தால்தான் அது தொழிற்சாலை. இதைப் படித்ததும் ஊருக்குள் ஒரு அதிசயம் நடந்தது. அண்ணன் பேரில் ஒரு கம்பெனி, தம்பி பேரில் ஒரு கம்பெனி, சம்சாரம் பேரில் ஒன்று. எங்கே எண்ணினாலும் ஒன்பது பேர்தான். நடுவில் சுவர் மட்டும் இருக்காது.

1984-இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளி கற்ற பாடம், ஒன்றாக நின்றால் கிடைக்கும். முதலாளி கற்ற பாடம், ஒன்றாக நிற்க இடம் கொடுக்கக் கூடாது. கட்டிங் ஒரு தெருவுக்கும், பவர் டேபிள் என்ற தையல் வேலை இன்னொரு தெருவுக்கும், செக்கிங்கும் பேக்கிங்கும் மூன்றாவது சந்துக்கும் போயின. நடுவில் காண்ட்ராக்டர் முளைத்தார். ஏற்றுமதி பெருகப் பெருக, ஷிஃப்டுக் கணக்கும் நிலைத்தது: காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி எட்டரை, சம்பளம் ஒன்றரை ஷிஃப்டு, கணக்குத் தீர்ப்பது சனிக்கிழமை.

இந்த இடத்தில் பி.எஃப். கன்சல்டன்ட்டைப் பார்க்காமல் போனால் பாவம். பேக்கரிக்கு மேலே ஒரு அறை, ஸ்டாம்ப் பேடு, நீள நீளமான வருகைப் பதிவேடு, நான்கு நிறப் பேனா. ஃபாரின் பையர் ஆடிட்டுக்கு வருகிறார் என்றால் மூன்று மாதத்துக்கான வருகையை ஒரே ராத்திரியில் எழுதி, காய்ந்த மாதிரி இருக்க ஃபேனையும் போட்டுவிடுவார். இதற்குக் கூலி உண்டு. ஊருக்கு அமைச்சர் வந்தால் சால்வைக்குக் கீழே போகும் கோரிக்கை மனுவை எழுதுவது மட்டும் அவருடைய இலவச சேவை. 'ஓவர்டைம் வரம்பைத் தளர்த்த ஆவன செய்யுமாறு' என்ற வரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த வரி வீண்போகவில்லை. 2016 ஜூனில் ஆயத்த ஆடைத் துறைக்கு மத்திய அரசு 6,000 கோடி ரூபாய்த் தொகுப்பு அறிவித்தபோது, வாரத்துக்கு எட்டு மணி ஓவர்டைமும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமான வேலையும் அதில் இருந்தன.

அப்புறம் வந்தது 2023 ஏப்ரல் 21. தொழிற்சாலைச் சட்டத்தில் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எந்த ஆலைக்கும் வேலைநேர வரம்பிலிருந்தும், ஓவர்டைம் சம்பளம் சொல்லும் 59-ஆம் பிரிவிலிருந்தும் அரசு விலக்குத் தரலாம். பன்னிரண்டு மணி வீதம் நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் லீவு, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கேட்கிறார்கள் என்று விளக்கம் வந்தது.

"ஏனுங்ண்ணா, இதத்தான நாம பொழுதுக்கும் பாக்கறோம், இதுக்கெதுக்குங்க சட்டம்?" என்று ஒரு ஓவர்லாக் டெய்லர் கேட்டிருந்தால் யாரிடமும் பதில் இருந்திருக்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 59-ஆம் பிரிவின்படி கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆகவே எட்டு மணி ஒரு ஷிஃப்டு என்றால், வாரம் ஆறு நாளும் பன்னிரண்டு மணி உழைப்பவருக்கு நாளுக்கு இரண்டு ஷிஃப்டுக் கூலி. மசோதாப்படி ஆறு நாள் சம்பளம் நான்கு நாளுக்கு. அதாவது நாளுக்கு ஒன்றரை. நாற்பது வருடமாகச் சட்டத்துக்கு வெளியே திருப்பூர் போட்டுவந்த கணக்கைக் கோட்டை பைசா சுத்தமாகப் பிடித்திருந்தது! சட்டம் எழுதத் தெரிந்த ஊருக்கு ராயல்டிகூட வரவில்லை. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த மூன்று நாள் லீவைத் திருப்பூரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

மசோதாவை எதிர்த்து ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்பு செய்தன. ஏப்ரல் 24-இல் மசோதாவை நிறுத்திவைத்தார்கள். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெற்றதாக அறிவித்தார். சிங்காரவேலர் இதே சென்னையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு வருடம். பத்து நாளில் பிறந்து, படுத்து, போய்ச் சேர்ந்த மசோதாவுக்கு இதைவிட நல்ல காரியம் யாரும் செய்ய முடியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்குத் திருப்பூரில் மெஷின்கள் ஓடின, ஒன்றரை ஷிஃப்டுக்கு. கன்சல்டன்ட்டின் பென்டிரைவில் மனு அப்படியே இருக்கிறது. அமைச்சர் பெயரை மாற்றினால் போதும்.