பெயரோடு பகிரவும்

எங்கள் மங்கலம்பேட்டையில் பழைய பாட்டுக்கு ஒரு காவலர் உண்டு; என் பெரியப்பாதான். 'புதிய பறவை' பாட்டை எவரோ இசைத்தட்டிலிருந்து எடுத்து, கீறல் நீக்கி, இணையத்தில் ஏற்றியிருப்பார். இவர் அதை இறக்கி, தன் புகைப்படத்தையும் ஒரு ரோஜாவையும் ஒட்டி வாட்ஸ்அப்பில் விடுவார். கீழே எச்சரிக்கை: "என் பெயரை நீக்கிப் பகிர்வது அநாகரிகம்." கண்ணதாசன் பெயர் இருக்காது. விசுவநாதன், ராமமூர்த்திக்கும் இடமில்லை, ரோஜா பெரிது.

பக்கத்து விருத்தாசலத்தில் ஒருவர் செய்த பீங்கான் பொம்மையின் அச்சை இன்னொருவர் சுட்டால் (சூளையில் அல்ல) தெருவே கூடிவிடும். பாட்டு மட்டும் ஊர்ப் புறம்போக்கு.

"அறுபது வருஷம் ஆச்சுடா, எவன் கேப்பான்?" என்கிறார். பாதி சரி. படம் 1964, ஒலிப்பதிவின் உரிமை 2024 முடிவோடு தீர்ந்தது. வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு: படைத்தவர் மறைந்து 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981, ஆகவே வரிகள் 2041 வரை. மெட்டமைத்த இருவரில் கடைசியாக விசுவநாதன் மறைந்தது 2015, ஆகவே மெட்டு 2075 வரை.

இதை எழுதி அவருக்கு அனுப்பினேன். மறுநாள் காலை குடும்பக் குழுவில் வந்தது, ரோஜாவோடு, அவர் பெயரில்.