அழுத்தினால் வழிவிடும் படிகம்

கேள்வி: மிதமான அழுத்தத்தில் ஒரு பொருளை நெருக்கினால் புதிதாக என்ன தெரிந்துவிடும்?

பதில்: முகமே மாறும்! 1980-இல் பிரான்ஸின் ஓர்சேயில் டெனி ஜெரோம் குழுவினர் ஒரு கரிமப் படிகத்தை வளிமண்டலத்தைப் போல் சுமார் 12,000 மடங்கு அழுத்தினார்கள். குளிர்ந்தால் மின்சாரத்துக்குக் கதவடைக்கும் அந்தப் படிகம், ஏறத்தாழ 1 கெல்வினில் மின்தடையையே தொலைத்தது. முதல் கரிம மீக்கடத்தி!

இந்த அளவு அழுத்தத்துக்கு, பொருளை இடையில் வைத்து நசுக்கும் வைர முனைகள் தேவையில்லை. கெட்டியான பெரிலியம்-தாமிர உருளை போதும். உள்ளே எண்ணெய், எண்ணெய்க்குள் படிகம். உந்துதண்டால் அழுத்தி, மரையை இறுக்கிப் பூட்டி, அப்படியே குளிர்விப்பார்கள். குளிரில் எண்ணெய் உறைந்து அழுத்தம் சற்றுக் குறையும். அதைக் காட்டிக்கொடுக்க ஓர் ஈயத்துண்டு கூடவே போகும்: அழுத்தம் ஏற ஏற, ஈயம் மீக்கடத்தியாகும் வெப்பநிலை இறங்கும்.

இவ்வளவு அழுத்தத்தில் எண்ணெய் கசியாதா? ஹார்வர்டின் பெர்சி பிரிட்ஜ்மன் அமைத்த அடைப்பு அபாரமானது. திரவம் நெருக்க நெருக்க, அதைவிட அதிகமாக அடைப்பு தானே இறுகும். 1946-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.