வியூவரை மாற்றினால் வீடு போய்விடுமா?

கேள்வி: செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகுக்குள் நுழைந்தால் என் உருவம் வெறும் மேகமாக நிற்கிறது. நடந்தால் நத்தை வேகம். வியூவரை மாற்றிவிடலாமா? மாற்றினால் நான் வாங்கிய சட்டை, வீடெல்லாம் போய்விடுமா?

பதில்: ஒரு பொத்தான்கூடப் போகாது! சொத்தெல்லாம் அந்த உலகை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனத்தின் சர்வரில் பத்திரமாக இருக்கிறது. வியூவர் என்ற மென்பொருள் அதைப் பார்க்கும் ஜன்னல்தான். 2007-இல் வியூவரின் மூலநிரலை அந்த நிறுவனமே திறந்துவிட்டது. ஃபயர்ஸ்டார்ம் போன்ற வேறு வியூவர்கள் அதிலிருந்து பிறந்தவை. புதியவர்களுக்கு நிறுவனத்தின் வியூவரே போதும். ஒவ்வொரு அமைப்பையும் திருகிப் பார்க்கும் கை உங்களுடையது என்றால் ஃபயர்ஸ்டார்ம்.

மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். மேகம் கலைய கன்ட்ரோல், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். காட்சி தூரத்தை 64 மீட்டராகக் குறையுங்கள். அங்கே ஒரு நிலப்பகுதியின் அகலமே 256 மீட்டர். எதிர்வீடு தெரிந்தால் போதாதா, ஊர்க்கோடி எதற்கு? வைஃபையை விட்டு கேபிளுக்கு மாறுங்கள். இறங்கிய படங்கள் கணினியில் தங்கும் கேஷை அடிக்கடி அழிக்காதீர்கள். அழித்தால் எல்லாப் படங்களும் மறுபடி இறங்க வேண்டும்.

எந்த வியூவரானாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். கடவுச்சொல்லை அதன் கையில்தானே கொடுக்கப்போகிறீர்கள்!