அரிசி அளவுப் பேஸ்ட்: ஆரணித் தறிவீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

கைக்குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்ற கேள்வியில் உலகம் இரண்டு கட்சியாக நிற்கிறது. ஃப்ளோரைடு வேண்டும் என்பது ஒன்று, கூடவே கூடாது என்பது மற்றொன்று. ஆரணித் தறிவீடுகளில் மூன்றாவது கட்சியும் உண்டு. எதைத் தேய்த்தாலும் சரி, தறியில் பூட்டிய பாவின் மேல் துப்பாமல் இருந்தால் போதும் என்பது அதன் கொள்கை. இந்தக் கட்சியை ஆய்வாளர்கள் இதுவரை கண்டுகொள்ளாததால் இக்கட்டுரை தேவைப்படுகிறது.

களம் பற்றி ஒரு வார்த்தை. கமண்டல நாகநதிக் கரையில் புத்திரகாமேட்டீஸ்வரர் கோயில் இருக்கிறது. பிள்ளை வரம் வேண்டித் தசரதன் யாகம் செய்தது இங்கேதான் என்பது ஊர் நம்பிக்கை. யாகம் பலித்தது. பிள்ளைகள் நான்கு, தலைக்கு 20 பால்பல், ஆக மொத்தம் 80. அத்தனையையும் எதைக்கொண்டு தேய்த்தார்கள், மூன்று தாய்மாரில் யார் தேய்த்துவிட்டார்கள் என்பது பற்றி யாரும் பேசக் காணோம். வில் வித்தைக்குக் கொடுத்த இடத்தில் பாதியை வாய்க்குக் கொடுத்திருந்தால் நம் வேலை எளிதாகியிருக்கும்.

முதல் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி, கீழ்வரிசை நடுவில் எட்டிப் பார்க்கும். மேல்பல் முந்திக்கொண்டால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். எனவே குழந்தையின் ஈறை அம்மாவைவிட மாமன்தான் உன்னிப்பாகக் கவனிக்கிறான். ஈறு ஊறும் குழந்தை எதையும் கடிக்கும். தறிவீட்டில் கைக்கெட்டுவது தார்க்குச்சியும் ராட்டையின் காலும். கடைக்காரர் விற்கும் ரப்பர் வளையத்தை அது சீண்டுவதே இல்லை.

தேய்க்கும் பொருளின் வரலாற்றைப் பார்ப்போம். ஆரணி பட்டுக்கு மட்டுமல்ல, அரிசிக்கும் பேர்போன ஊர். ரைஸ்மில் உள்ள ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை. உமியைச் சுட்டு, உப்புக் கூட்டித் தேய்த்த தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. உமிச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. இன்றைய பேஸ்ட்டுகள் பலவற்றில் அழுக்கைச் சுரண்டுவதும் சிலிக்காதான். மில்லின் பின்வாசலில் சும்மா கிடந்தது மெடிக்கல் ஷாப்பின் முன்வாசல் வழியாகக் காசுக்கு வந்திருக்கிறது. போதாததற்கு இப்போது கரி கலந்த பேஸ்ட்டும் விற்கிறார்கள். திண்ணைக்காரர்கள் சிரிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் குழந்தை விஷயத்தில் அவர்கள் பக்கம் நிற்க முடியாது. பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லினுடையதில் ஏறக்குறையப் பாதித் தடிமன்தான். உமிக்கரியின் சொரசொரப்பை அது தாங்காது.

இனி ஆய்வின் மையம். 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டது. அதுவரை இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வெறும் தண்ணீர் போதும் என்றிருந்தது. அதன் பிறகு, முதல் பல் முளைத்ததுமே ஃப்ளோரைடு பேஸ்ட், மூன்று வயது வரை ஓர் அரிசி அளவு, பிறகு ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு என்றாயிற்று. பட்டாணியை விடுங்கள். அரிசி என்றால் எந்த அரிசி? பொன்னியா, இட்லி அரிசியா, சீரகச் சம்பாவா? ஆரணியில் அரிசி என்று மொட்டையாகச் சொல்லி ஒருவர் ஒரு கிலோகூட வாங்க முடியாது. மேலும், அவர்கள் கணக்கில் அரிசி அளவு பேஸ்ட் என்பது சுமார் 0.1 கிராம். ஆயிரம் அரிசி மணிகளின் எடையே 15 முதல் 25 கிராம்தான். ஆகவே எடைப்படி பார்த்தால் அது ஓர் அரிசி அல்ல, நான்கு முதல் ஆறேழு அரிசி. அந்தச் சங்கத்தில் ஒரு நெல் வியாபாரி இருந்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திராது.

எடைக் கணக்கு தறிவீட்டுக்குப் புதிதல்ல. முதலாளி பட்டையும் ஜரிகையையும் நிறுத்துக் கொடுப்பார். நெய்த சேலையை நிறுத்து வாங்குவார். குறைந்தது எங்கே போயிற்று என்று கேட்பார். குழந்தையின் வாய்க்கும் இதே கணக்குப் போடலாம். ட்யூபிலிருந்து போனது இவ்வளவு, திரும்பி வந்தது இவ்வளவு. கைக்குழந்தைக்குத் துப்பத் தெரியாது என்பதால் இங்கே சேதாரம் அநேகமாக முழுசு, அத்தனையும் வயிற்றில். இந்தியாவில் பேஸ்ட்டில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம் தாண்டக் கூடாது, அதாவது கிராமுக்கு 1 மில்லிகிராம். அரிசி அளவை முழுசாக விழுங்கினாலும் போவது 0.1 மில்லிகிராம். விளம்பரத்தில் காட்டுகிறபடி பிரஷ் நீளத்துக்கு நெளிநெளியாகப் பிதுக்கினால் பத்து மடங்குக்குக் குறையாது. நாள்தோறும் அப்படி விழுங்கினால் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களில் வெண்திட்டு விழலாம். தண்ணீரிலேயே ஃப்ளோரைடு மிகுந்தால் என்ன ஆகும் என்பதைத் தருமபுரிப் பக்கத்துப் பழுப்பேறிய பற்களில் பார்க்கலாம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்தது. ஆகவே 'கூடாது' கட்சியின் பயம் பொய்யல்ல. தங்கள் போர்த் தண்ணீரைச் சோதித்துப் பார்த்து அந்தக் கட்சியில் சேர்ந்தவர்களிடம் நமக்கு மரியாதை உண்டு. ட்யூபில் உள்ள கரடிப் படத்தைப் பார்த்துச் சேர்ந்தவர்களிடம் இல்லை. எந்த பிராண்ட் என்று பத்துப் பேரைக் கேட்பவர்கள், எவ்வளவு என்று ஒருவரையும் கேட்பதில்லை. அரிசி அளவைக் காட்டினால் பாட்டி சொல்வது: "இம்மாத்தூண்டு எந்த மூலைக்குப் போறும்?"

ஆனால் தேய்க்கும் நிலையில் பாட்டியே வல்லுநர். இரண்டு பெரியவர்கள் முட்டியோடு முட்டி இடிக்க எதிரெதிரே அமர்ந்து, இருவர் மடியிலுமாகக் குழந்தையைக் கிடத்தும் முறையைப் பல் மருத்துவர்கள் கற்பிக்கிறார்கள். காலை நீட்டி, அதன்மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டுகிற பாட்டி அதை ஒற்றை ஆளாக முடிக்கிறாள். ஆள்கூலியில் பாதி மிச்சம்.

இரவுதான் சிக்கல். முகூர்த்த மாதம் நெருங்கும்போது தறி இரவிலும் ஓடும். குழந்தை எழாமலிருக்கச் சர்க்கரை போட்ட பால்புட்டி வாயிலேயே இருக்கும். அப்போது முதலில் சொத்தையாவது மேல் முன்பற்கள். கீழ்ப்பற்களை நாக்கும் எச்சிலும் ஓரளவு காப்பாற்றிவிடும். ஆக, மேல்பல்லில் ஆபத்து என்று பெரியவர்கள் சொன்னது சரிதான். ஆபத்து யாருக்கு என்பதில்தான் பிசகு. மாமன் நிம்மதியாக இருக்கலாம்.

அந்த நிம்மதிக்கு ஈடாக அவனிடம் ஒரு பொறுப்பை ஒப்படைக்கலாம். காதுகுத்துச் சீர்த்தட்டில் பிரஷும் பேஸ்ட்டும் சேரட்டும். இதில் ஒரு நடைமுறைத் தடை உண்டு. குழந்தைகளுக்கான சின்ன ட்யூபைத் தட்டில் வைத்தால் பந்தலில் யாருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டார் பேசுவார்கள். எனவே மாமன் 150 கிராம் ட்யூபைத்தான் வாங்குவான். அரிசி அளவில் காலையும் இரவும் தேய்த்தால் அது 750 நாள் வரும். பாட்டி பிதுக்கினால் இரண்டு மாதம்.