தேவ்நாரில் கேட்டிருக்கலாம்

மும்பையின் எச்சில் இலை 1927 முதல் விழுந்து குவிந்த இடம் தேவ்நார் குப்பைமேடு. கோணியோடு அதில் ஏறும் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்: காசு, ஊரார் பூட்டி வைப்பதில் இல்லை, கடாசுவதில் இருக்கிறது. விஞ்ஞானிகளுக்கு இது புரிய 104 வருஷம் பிடித்தது.

1893. வலிப்பு கண்டு இறந்த கர்ப்பிணிகளின் நுரையீரலை அறுத்துப் பார்த்த ஜெர்மானியர் கேயார்க் ஷ்மோர்ல், அங்கே நஞ்சுக்கொடி செல்களைக் கண்டு விழித்தார். கீழ்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் உலாத்துகிறாரே! பிள்ளையின் செல் தாயின் ரத்தத்தில் சுற்றுகிறதென்றால், வயிற்றில் ஊசி குத்தாமல் கையில் குத்தியே அதன் நோய்நொடியைப் படித்துவிடலாமே?

படிக்கலாம், பிடித்தால். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் சுமார் 400 கோடிச் சிவப்பணு. பிள்ளையுடையது ஒன்றோ இரண்டோ. மாலை ஆறு மணிக்கு தாதர் ஸ்டேஷனில் சித்தப்பாவைத் தேடுவது இதைவிடச் சுலபம். அவர் குரலாவது கொடுப்பார்.

அம்மாவிடம் நிச்சயம் இருக்காதது ஒய் குரோமோசோம். 1969 முதல் அதையே அடையாளமாக வைத்துத் தேடினார்கள். ஆக, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களும் கேட்டது மாமியார் கேள்விதான்: "பையனா?" 1979-ல் ஸ்டான்ஃபோர்டின் லென் ஹெர்ஸன்பெர்க், லேசரால் செல் பிரிக்கும் தன் இயந்திரத்தை இதில் இறக்கினார். அவர் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம்; அந்த மனிதரை மட்டும் நான் கிண்டல் செய்வதாக இல்லை.

1996-ல் டயானா பியாங்கி குட்டையைக் குழப்பினார். மகன் பிறந்து 27 வருஷமான பின்பும் அவன் செல் தாயின் ரத்தத்தில்! அசல் மும்பைப் 'பகடி' வாடகைக் குடித்தனம், காலி செய்வதாக இல்லை. அப்படியானால் கையில் சிக்கிய செல் வயிற்றில் இருப்பதுடையதா, வேலைக்குப் போகும் மூத்தவனுடையதா?

ஆக்ஸ்ஃபோர்டில் எட்டு வருஷம் செல் தேடிச் சலித்த ஹாங்காங் டாக்டர் டென்னிஸ் லோ, செல்லை எடுத்துக்கொண்டு எல்லோரும் கொட்டிவிடும் மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை, நூடுல்ஸ் வேகவைப்பதுபோல் கொதிக்க வைத்தார். 10 மைக்ரோலிட்டர், ஒரு சொட்டுகூடத் தேறாது. ஆண்பிள்ளை சுமந்த 30 பேரில் 24 பேரிடம், செல் இல்லாமலே, ஒய்யின் டி.என்.ஏ. சிக்கியது. செல்லில் தேடியபோது ஐந்தே பேர். 1997-ல் 'லான்செட்' அதை அச்சிட்டது.

அதற்குள் மும்பையில் வேறு கூத்து நடந்து முடிந்திருந்தது. எண்பதுகளில், பனிக்குட நீரை உறிஞ்சிப் பெண் என்றால் கலைக்கும் கிளினிக்குகள், இன்று 500 ரூபாய் செலவழித்தால் நாளை வரதட்சணை மிச்சம் என்று விளம்பரமே செய்தன. பையனா பெண்ணா என்று பார்த்துச் சொல்லக் கூடாதென 1988-ல் நாட்டிலேயே முதலாவதாக மகாராஷ்டிரம் சட்டம் போட்டது, 1994-ல் மத்திய அரசும்.

ஆகையால் இன்று செம்பூரில் ரத்தம் கொடுத்தால், டவுன் சிண்ட்ரோமுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று ரிப்போர்ட் வரும். இத்தனை வருஷம் எதைத் தேடித் தேடி இந்த வித்தையைக் கற்றார்களோ, அதைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. பாட்டி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள், பின்பக்கத்தில் எழுதியிருப்பார்களோ என்று.