ஒரிஜினல்லயும் அப்படித்தான்

அண்ணாச்சியின் காரில் கண்ணாடியை ஏற்றிவிட முடியாது. கதவில் கண்ணாடியே கிடையாது. ஐப்பசி மழையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ள வந்து இறங்கியவரிடம், "என்ன அண்ணாச்சி இது?" என்று கேட்டால், தலையைத் துவட்டிக்கொண்டே, "ஒரிஜினல்லயும் அப்படித்தான்" என்பார். காரில் இரண்டே சீட்டு. மகளும் மருமகனும் பொதிகை ரயிலில் வந்து இறங்கினால் ஒருவரைத்தான் ஏற்றி வர முடியும். மருமகனுக்குத்தானே முதல் மரியாதை? மகள் பெட்டியோடு ஆட்டோவில் வருவாள். கேட்டால், ஒரிஜினல்லயும் இரண்டே சீட்டுதான்.

இப்படி ஒருவர் ஊருக்கு ஊர் உண்டு. ஒரு ஊரில் அவர் புல்லட்டுக்கு ராணுவப் பச்சை அடித்து வைத்திருப்பார். ராணுவத்தைக் குடியரசு தின அணிவகுப்பில், அதுவும் டி.வி.யில்தான் பார்த்திருப்பார். இன்னொரு ஊரில் 1996-லேயே வருவது நின்றுபோன ஆர்.எக்ஸ். 100-ஐ வைத்துக்கொண்டு, "இதுல இருக்குறது அசல் ஜப்பான் சாமான்" என்று டீக்கடையில் கிளாஸை மேசையில் தட்டிச் சொல்வார். எங்கள் அண்ணாச்சி ஒரு படி மேலே போனவர். நேராக அமெரிக்காவுக்கே போய்விட்டார், சங்கரன்கோவிலை விட்டு நகராமலே.

அவர் வைத்திருப்பது கோப்ரா. நகல்தான்.

கோப்ராவின் கதையை அண்ணாச்சி சொல்லிக் கேட்க வேண்டும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்காரர் கரோல் ஷெல்பி. முதலில் கோழிப்பண்ணை வைத்தார். கோழிகள் சீக்கு வந்து செத்தன. (இந்த இடத்தில் அண்ணாச்சி ஒரு பெருமூச்சு விடுவார். அவரும் ஒரு காலத்தில் கோழி வளர்த்தவர்.) பிறகு கார் பந்தயத்துக்குப் போய் 1959-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றார். இதயக் கோளாறு வந்து பந்தயத்தை விட வேண்டியதாயிற்று. சும்மா இராமல் 1962-இல், இங்கிலாந்தில் ஏ.சி. கம்பெனி செய்த சின்னக் காருக்குள் ஃபோர்டின் எட்டு சிலிண்டர் இன்ஜினைத் திணித்தார். பூனைக்குள் புலியை அடைத்த மாதிரி. "அதுக்குப் பேரு எப்படி வந்துச்சு தெரியும்லா? கனவுல வந்துச்சு! நாகம்!" என்று அண்ணாச்சி முடிக்கும்போது அவருக்கே புல்லரிக்கும்.

கனவில் நாகம் வந்தால் எங்கள் ஊரில் யாரும் கார் செய்யக் கிளம்ப மாட்டார்கள். கோமதியம்மன் சந்நிதிக்குப் போவார்கள். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை போட்ட ஊர் இது. அந்த வழக்கைத் தீர்க்கத்தான் அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்க, சங்கரரும் நாராயணரும் ஒரே உடம்பில் வந்து காட்சி கொடுத்தார்கள். ஆடித் தவசுக்கு ஊர் கொள்ளாத கூட்டம். புற்று மண்தான் பிரசாதம். பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் போட்டால் விஷப்பூச்சி அண்டாது என்பது நம்பிக்கை. ஆக, உலகத்தில் கோப்ரா வந்து சேர வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது சங்கரன்கோவில்தான் என்று அண்ணாச்சி சொல்வதை மறுத்துப் பேச எனக்கு வழி தெரியவில்லை.

"நகல்தானே?" என்று ஒருமுறை வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அண்ணாச்சி கோபப்படவில்லை. "மூலவர் தேர்ல ஏறுவாரா வே? உற்சவர்தான ரத வீதி சுத்தி வாராரு? யாராவது அவரைப் பாத்து நகல்னு சொல்லுதானா?" என்றார். உலகத்தில் ஷெல்பி கம்பெனி அந்தக் காலத்தில் செய்த கோப்ராக்கள் ஆயிரத்துக்குப் பக்கம்தான். இன்று ஓடுகிறவற்றில் பெரும்பாலானவை நகல்களே. முதன்முதலில் செய்த கோப்ரா 2016-இல் ஏலத்துக்கு வந்து 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்த மூலவர் கருவறையை விட்டு வெளியே வருவாரா என்ன?

எங்கள் உற்சவரின் வரலாறு இவ்வளவுதான்: வெளியூரில் அடித்த ஃபைபர் கூடு ஒன்று, பழைய மகிந்திரா ஜீப்பின் சேசிஸ் ஒன்று. 1965-இல் வந்த பெரிய கோப்ராவின் இன்ஜின் 7 லிட்டர், எட்டு சிலிண்டர், பெட்ரோல். அண்ணாச்சியுடையது 2.1 லிட்டர், நாலு சிலிண்டர், டீசல். ஒரிஜினலின் வேகத்தை விலை கொடுத்து வாங்க அண்ணாச்சியால் முடியாது. அதன் குறைகளோ இலவசம். அதனால் ஒன்று விடாமல் அத்தனையையும் சேர்த்துவிட்டார்.

அந்தக் குறைகளில் தலையாயது சைலன்சர். மற்ற கார்களில் அது அடிவயிற்றுக்குக் கீழே ஓடிப் பின்னால் அடக்கமாக எட்டிப் பார்க்கும். பெரிய கோப்ராவின் பந்தய வகையில் இரண்டு பக்கமும், கதவுக்குக் கீழே, தொடை மொத்தத்துக்கு வெளியிலேயே ஓடும். எட்டு சிலிண்டரில் பக்கத்துக்கு நான்கு குழாய் புறப்பட்டு ஒன்றாகச் சேரும். அண்ணாச்சியிடம் இருப்பதே மொத்தம் நாலு சிலிண்டர். அந்தப் புகை வெளியேற ஒரு குழாய் தாராளம். வலப்பக்கக் குழாய்க்கு இன்ஜினோடு தொடர்பு உண்டு. இடப்பக்கம் இருப்பது சும்மா, அழகுக்கு. முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் வாயைத் திறந்து வைத்த வெறுங்குழாய். வலப்பாதி நெருப்பு, இடப்பாதி பாற்கடல். எங்கள் ஊர்ச் சாமிக்கும் வலப்பாதிதான் சிவன் என்பதால் இதைப் பற்றி நான் மேலும் எதுவும் சொல்ல விரும்பவில்லை.

நெருப்பு இருக்கும் பக்கம்தான் ஓட்டுநர் இறங்கும் பக்கம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் கெண்டைக்கால் நேரே குழாயில் போய் உட்காரும். ஒரிஜினல் கோப்ராக்காரர்கள் இந்தச் சூட்டுக்கு நாகக்கடி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். முதல் கடி வாங்கிய அன்று அண்ணாச்சி அலறிய அலறலில் வலியைவிடப் பெருமைதான் அதிகம். புற்று மண்ணை எடுக்கப் போனவரின் கையை மதினி பிடித்து நிறுத்தி, "மண்ணைக் கும்பிட்டு நெத்தியில பூசுங்க. காலை இருபது நிமிசம் தண்ணியில காட்டுங்க. நர்ஸம்மா சொல்லிருக்கா" என்று காலைக் குழாயடிக்கு இழுத்துப் போனார். அந்தத் தழும்பை அண்ணாச்சி இன்றும் வேட்டியை விலக்கிக் காட்டுவார், போர்க்களத்தில் விழுப்புண் பட்டவர் மாதிரி.

கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கிறீர்களா? மகளும் மருமகனும் வரும் நாளைத் தவிர்த்தால், வீட்டிலிருந்து பட்டறை வரை ஓடும். அறுநூறு மீட்டர். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றி வண்டியை ஓட்டக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆர்.சி. புத்தகத்தில் ஜீப், வீதியில் நாகம் என்றால் எந்தப் போலீஸ்காரர் விடுவார்? "ரிப்பேருக்குத்தான சார் போறேன்" என்பதுதான் அண்ணாச்சி கைவசம் இருக்கும் ஒரே பதில். அந்தப் பதில் பொய்யாகிவிடாமல் கார் பார்த்துக்கொள்கிறது. அது ரிப்பேருக்குப் போவதற்காகவே ஓடுகிறது. ஓடுவதால் ரிப்பேர் ஆகிறது.

சென்ற மாதம் அப்படித்தான் சைலன்சர் லூஸாகிவிட்டது. வண்டி கிளம்பினால் டொங்கு டொங்கென்று ஒரு சத்தம். மேட்டில் ஏறி இறங்கினால் கிணற்றில் வாளி விழுந்த மாதிரி இன்னொரு சத்தம்.

மெக்கானிக் நல்ல வேலைக்காரர். ஓடாத டிராக்டரையே ஓடவைத்து அனுப்புகிறவர். அண்ணாச்சியின் காரைக் கண்டால் மட்டும் அவர் முகம், கல்யாண வீட்டில் கடன் கொடுத்தவனைக் கண்டவர் முகம் மாதிரி ஆகிவிடும். கீழே சாக்கை விரித்து உள்ளே நகர்ந்து, வலக் குழாயை ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

"அண்ணாச்சி, குழாயோட ஒரு முனையை இன்ஜின்ல முறுக்கியிருக்கு. மறுமுனையைப் பாடியில முறுக்கியிருக்கு. இன்ஜின் ரப்பர் மேல உக்காந்து ஆடும், பாடி ஆடாது. நடுவுல இந்தக் குழாய் என்ன செய்யும்? நட்டைக் கழட்டும், இல்ல வெல்டிங்கை உடைக்கும்."

"ஒரிஜினல்லயும்…"

"பொறுங்க. சூடு வேற இருக்கு. இரும்பு சூடேறுனா நீளும்லா?"

சரியான பேச்சு. ஒரு மீட்டர் இரும்புக் குழாய் 400 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். ஆறினால் சுருங்கும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டு நீளாதே என்றால் அது கேட்குமா? ஒவ்வொரு பயணத்துக்கும் நட்டு ஒரு மயிரிழை தளரும். இதற்கு மருந்து இன்னும் இறுக்குவதல்ல, கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. பாடிப் பக்கம் இரும்புப் பட்டையை எடுத்துவிட்டு ரப்பரில் தொங்கவிட வேண்டும். இன்ஜின் பக்கம் கேஸ்கெட்டை மாற்றி, ஸ்பிரிங் வாஷர் போட்டு, நாலு நாள் ஓடிய பிறகு இன்னொரு தடவை முறுக்க வேண்டும். மெக்கானிக் அன்றைக்குச் செய்ய முடிந்த அத்தனையும் செய்தார். விரிசல் விட்ட இடத்தில் வெல்டிங்கும் வைத்தார்.

இதற்குள் அரை நாள். அண்ணாச்சி சும்மா நிற்கிற ஆள் அல்ல. ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பார், வாங்கி வைப்பார். கொடுத்தது நினைவிருக்கும், வைத்தது நினைவிருக்காது. அவர் வந்துபோன மறுநாள் பட்டறையில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும். பழி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வேலை பழக வந்திருக்கும் பையன் தலையில் விழும். இரண்டு மாதத்துக்கு முன் காணாமல் போன பன்னிரண்டு-பதிமூன்று நம்பர் ஸ்பேனர் ஒன்றுக்கு அவன் சம்பளத்தில் நூற்றைம்பது ரூபாய் பிடித்தாகிவிட்டது.

எல்லாம் முடிந்து வண்டியைக் கிளப்பினார்கள். டொங்கு போய்விட்டது. மேட்டில் ஏற்றி இறக்கினார்கள். வாளி விழுந்தது.

மெக்கானிக் மறுபடியும் சாக்கை விரித்தார். வலக் குழாயை முழுதாகக் கழற்றினார், மாட்டினார். வாளி விழுந்தது. கேஸ்கெட்டை இன்னொன்று மாற்றினார். வாளி விழுந்தது. கூட்டம் சேர்ந்துவிட்டது. பட்டறை வாசலில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும் பெரியவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கட்டுக்கம்பி போடச் சொன்னார். ஒருவர் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றச் சொன்னார். ஒருவர் காரை விற்கச் சொன்னார்.

அப்போது விசைத்தறிக்கூடத்தில் ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வந்த ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டார். இந்த ஊரில் தறிச் சத்தத்தில் பிறந்து தறிச் சத்தத்தில் தூங்கியவர்கள் ஏராளம். இருபது தறி ஒன்றாக அடிக்கும் கூடத்தில், எட்டாவது தறியில் நாடா சரியாகப் போகவில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காது அவர்களுக்கு. கிளாஸைக் கீழே வைக்காமலே, "ஏன் அந்தப் பக்கத்தையே போட்டு உருட்டுதீய? சத்தம் இந்தப் பக்கத்துல கேக்கு" என்று இடப்பக்கத்தைக் காட்டினார்.

"அது டம்மிங்க" என்றார் மெக்கானிக்.

"டம்மியோ என்னமோ. அதுதான் பேசுது."

அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் ஊமையாகக் கிடந்த இடக் குழாய் பேசுகிறதாமே! "ஒரிஜினல்ல ரெண்டு பக்கமும் சத்தம் வரும்லா?" என்று கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் பார்க்காததால் என்னைப் பார்த்தார்.

பையன்தான் குனிந்தான். குழாயின் திறந்த வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினான். எட்டவில்லை. பின் சக்கரத்துக்கு முன்னால் குழாயைப் பிடித்திருந்த இரண்டு போல்ட்டைக் கழற்றி, முன்முனையை மேலே தூக்கினான்.

உள்ளிருந்து ஒரு கோலிக்குண்டு வந்தது. இரண்டு புளியங்கொட்டை வந்தன. அடுத்து, கிணற்று வாளிச் சத்தத்தோடு, தரையில் வந்து விழுந்தது பன்னிரண்டு-பதிமூன்று.

யாரும் எதுவும் பேசவில்லை. இன்ஜின்கூட அணைந்திருந்தது. சாக்கின் மேல் படுத்திருந்த மெக்கானிக், ஸ்பேனரைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், பிறகு வெல்டிங் ராடுகளை எண்ணத் தொடங்கினார். அண்ணாச்சியின் வாய் பழக்கத்தில் திறந்தது.

"ஒரிஜினல்லயும் இப்படித்தான் விழுமா அண்ணாச்சி?" என்றான் பையன், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "எனக்குப் பிடிச்சது நூத்தம்பது ரூவா."

அண்ணாச்சி சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெக்கானிக்கின் பக்கம் திரும்பி, "பில்லுல சேத்துரு தம்பி" என்றார்.