சுட்ட கோழியும் பதனிட்ட தோலும்: ஆம்பூர் மொட்டை மாடி ஆய்வு

தோல் ஊரில் வீட்டில் கோழி சுட முயல்பவர், தம்மை அறியாமலே அதைப் பதனிட்டுவிடுகிறார் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இதை நிறுவ ஆம்பூரில் ஒரு மொட்டை மாடியும் ஒன்றரைக் கிலோ கோழியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் செலவிடப்பட்டன.

சிக்கல் கறிக்கடையிலேயே தொடங்குகிறது. “தோலோடவா, உரிச்சா?” என்பார் கடைக்காரர். பெருமையாக “உரிச்சு” என்போம். தோலை வைத்தே சோறு தின்னும் ஊரில் கோழித் தோல் மட்டும் வாளிக்குப் போகிறது. அதிலுள்ள கொழுப்பு உருகித்தான் கறி காயாமல் காக்கும். கடைகளில் கம்பியில் சுழலும் கிரில் கோழி தோலோடுதான் சுழல்கிறது. தந்தூரியில் தோல் இல்லையே என்று மறுப்போர் உண்டு. தந்தூர் அடுப்பு 400 டிகிரியைத் தாண்டும். தயிர்ப் பூச்சுக்குள் கறி காயும் முன்னே வெந்துவிடும். என் அடுப்பு, தகர டின்னில் கொட்டாங்குச்சிக் கரி.

முன்னோர் இலக்கியமும் பார்த்தாயிற்று. கரிகாலன் விருந்தில் கம்பியில் சுட்ட கறியை இரவும் பகலும் தின்று, உழுத கொழுப்போலப் பல் மழுங்கியதாகப் பொருநராற்றுப்படையில் பொருநன் சொல்கிறான். தமிழாசிரியர்கள் அதை வள்ளலின் புகழ் என்று சொல்லித் தந்தார்கள். அரண்மனைச் சமையற்காரர்மேல் வந்த முதல் புகாராகவே நான் வாசிக்கிறேன்.

இனி ஊறவைத்தல். டேனரியில் ‘பேட்டிங்’ என்று ஒரு கட்டம் உண்டு. மட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நொதி ஏற்றித் தோலை இளக்கும் வேலை அது. ஒரு காலத்தில் இதற்கு நாய்ப் பீயும் கோழி எச்சமும் கரைத்தார்கள். 1907-இல் ஜெர்மானிய வேதியியலர் ஓட்டோ ரோம் கணைய நொதியைக் கொண்டுவந்து உலகத் தோல்காரர்களின் மூக்கைக் காப்பாற்றினார். சமையலறையில் அந்த வேலையைப் பப்பாளிக்காய் விழுது செய்கிறது. அரை மணி போதும். நான் மிளகாய் விழுது, இஞ்சி பூண்டு, தயிரோடு அதையும் தடவி இரவு முழுக்க வைத்தேன். காலையில் மேற்புறம் களியாகவும் உட்புறம் பழையபடியும் இருந்தது.

புகை கீழ்வீட்டு அத்தை உலர்த்திய புடவைக்குப் போயிற்று. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று, பாலாற்றைக் கெடுத்த தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஒரு தொடைத் துண்டு ஈடாகக் கொடுக்கப்பட்டது. கையிருப்பில் உருப்படியானது அது ஒன்றுதான்: தொடை கூடுதல் சூட்டைத் தாங்கும். நெஞ்சுக் கறிக்கு உள்ளே 74 டிகிரி வந்ததும் இறக்கிவிட வேண்டும். நான் விசிறிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாகக் கொதிநீர்ச் சோதனை. பச்சைத் தோல் 60 டிகிரியைத் தாண்டினாலே சுருங்கும். குரோம் ஏற்றிய தோல் கொதிநீரிலும் சுருங்கக் கூடாது, சுருங்கினால் பதம் போதவில்லை. என் நெஞ்சுத் துண்டைக் கொதிக்கும் குழம்பில் போட்டேன். இம்மியும் சுருங்கவில்லை. சுருங்க வேண்டியதெல்லாம் அடுப்பிலேயே சுருங்கிவிட்டது என்பது மனைவியின் மாற்றுக் கருத்து. ஆய்வு நேர்மை கருதி அதையும் பதிவு செய்கிறேன்.

துண்டை நிபுணர் கருத்துக்கு அனுப்பினேன். ஷூ கம்பெனியில் கட்டிங் பார்க்கும் மச்சினன் அதை வளைத்தான், நகத்தால் கீறினான், வெளிச்சத்தில் பிடித்தான்.

“அப்பருக்கு ஆவாது மாமா. சோலுக்கு வேணா எடுத்துக்கலாம்.”